எட்டுக் கூடை பழனாத்தாள்

யாராவது மரியாதைக்காக, "கொஞ்ச நாளா ஊர்ல இல்லீங்களாட்ட?" என்று கேட்டால், "ஜெயில்ல இருந்தனுங்க" என்று பளிச்சென்று சொல்லிவிடுவார் பழனாத்தாள். கேட்டவர்தான் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார். மூன்று மாதத் தண்டனையை முடித்து 1971 சித்திரையில் ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து அவர் இப்படித்தான். சிறைச் சோற்றைப் பற்றிக் கேட்டவர்களிடம், ரேஷன் டிப்போ அரிசியைவிட நன்றாகவே இருந்தது, நல்ல அரிசியெல்லாம் எங்கே போகிறது என்று இப்போதுதான் தெரிந்தது என்றார்.

கேரளத்தில், முதலமடைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் கருவேலம்பதிதான் அவருடைய ஊர். பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனைமலையை ஒட்டிய ஒரு சிற்றூரில். காளிச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டு இந்தப் பக்கம் வந்தார். நாலு ஏக்கர் காடு. கடலையும் சோளமும் விளையும். காளிச்சாமி அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியது எதையும் பழனாத்தாள் அவருக்கு மிச்சம் வைத்ததில்லை.

எல்லை தாண்டி அரிசி கொண்டுவரக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்த காலம் அது. அந்தப் பக்கத்தில் அரிசி கிடைத்தது. இந்தப் பக்கத்தில் டிப்போவில் கோதுமையும், எப்போதாவது கல்லோடு கலந்த கொஞ்சம் அரிசியும் கிடைத்தன. இடையில் சோதனைச் சாவடிகள். ஆண்கள் சைக்கிளில் மூட்டை வைத்துக் குறுக்குப் பாதையில் போய் மாட்டிக்கொண்டார்கள். பழனாத்தாள் பட்டப்பகலில், பெரிய ரோட்டில், சாவடி வழியாகவே கொண்டுவந்தார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் நாழியரிசிக் கூடை என்று ஒரு சீர் உண்டு. மூங்கில் கூடையில் ஒரு நாழி அரிசி, அதன்மேல் தேங்காய், பழம், வெற்றிலை, மஞ்சள் வைத்து வெள்ளைத் துணியால் மூடி, சொந்தக்காரப் பெண்கள் வரிசையாகச் சுமந்து போவார்கள். அந்தக் கூடையை வழிமறித்துத் திறக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. சாவடியில் இருந்தவர்கள் மேற்கிலிருந்து வந்த மலையாளிகள். சீரைப் பற்றித் தெரியாவிட்டாலும் மஞ்சளையும் தேங்காயையும் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். பழனாத்தாளின் கூடையிலும் மேலே தேங்காய், பழம், வெற்றிலை, மஞ்சள் எல்லாம் முறைப்படி இருந்தன. கீழே இருந்த அரிசிதான் ஒரு நாழி இல்லை.

முன்னால் அவர், நல்ல சேலை உடுத்தி, மாப்பிள்ளைக்கு அக்காவாக. பின்னால் ஏழு பெண்கள். மாப்பிள்ளை பெயர் வாரத்துக்கு ஒன்று. ஒரு தடவை சாவடிக்காரர் ஒருவர் உங்களுக்கு எத்தனை தம்பிகள் என்று கேட்டுவிட்டார். எங்கள் அப்பன் இரண்டு கல்யாணம் செய்தவர் என்று சொல்லி, அதற்காகக் கொஞ்சம் கண்ணையும் துடைத்துக்கொண்டாராம் பழனாத்தாள். கேட்டவர் வெட்கப்பட்டுப்போய் அதன்பிறகு கேட்கவேயில்லை.

பிடிபட்டது 1971 ஜனவரி முதல் வாரத்தில். மார்கழி முடியப் பத்து நாள்கூட இல்லை. எட்டுப் பெண்களும் அன்றைக்கு விடிகாலையில் அவரவர் வாசலில் கோலம் போட்டு, சாணியில் பூசணிப் பூ வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்கள். மார்கழி என்பது எட்டுப் பேருக்கும் தெரியும். மார்கழியில் எந்த வீட்டிலும் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கூடை சுமப்பது அவர்களுக்குக் கல்யாணமாக இல்லாமல் வேலையாக ஆகிவிட்டிருந்தது.

அன்றைக்குச் சாவடியில் புதிதாக மாற்றலாகி வந்து நின்ற வாட்சர் சின்னையன், கருவேலம்பதிக்காரர். சொந்தமில்லை என்றாலும் பழனாத்தாள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மார்கழியில ஆரூட்டுக் கல்யாணம், அம்மிணி?"

பழனாத்தாள் கூடையை இறக்கி வைத்தார். அதன்பிறகு நடந்ததை ஊரில் பல விதமாகச் சொன்னார்கள். தீர்ப்பில் இருப்பது இவ்வளவுதான்: கூடைகள் எட்டு, எட்டும் தன்னுடையவை என்று பழனாத்தாள் ஒப்புக்கொண்டார், தண்டனை மூன்று மாதம். கூடைகள் பன்னிரண்டு என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு.

மற்ற ஏழு பேரும், பழனாத்தாள் வாட்சரிடம் வாயாடிக்கொண்டிருந்த நேரத்தில் கூடைகளைப் போட்டுவிட்டு, ரோட்டோரக் கள்ளி வேலியில் நுழைந்து சோளக்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அவர்களில் இளையவர் சாந்தம்மாள். வாட்சர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடிய கதையைக் களைவெட்டுக் காட்டிலும் குழாயடியிலும் அவர் சொல்லாத நாள் கிடையாது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சோளம் ஒரு சாண் உயர்ந்துகொண்டே போனது.

ஜெயிலிலிருந்து வந்த பழனாத்தாளை ஊரில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. நல்லதாகவும் பேசவில்லை. எப்போதும்போல் பழகினார்கள். ஆனால் வைகாசியில் ஒரு கல்யாணம் வந்தது, உண்மையான கல்யாணம். நாழியரிசிக் கூடையை எடுக்கக் குனிந்த பழனாத்தாளின் கையிலிருந்து ஒரு பெண் அதை மெல்ல வாங்கிக்கொண்டு, நீங்கள் உட்காருங்கள் அக்கா, எதற்குச் சிரமம் என்றாள். அடுத்த கல்யாணத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். எட்டு வருடம் அவர் எல்லாக் கல்யாணத்துக்கும் போனார், எல்லாக் கல்யாணத்திலும் அன்பாக உட்காரவைக்கப்பட்டார். அந்தக் கூடைகளில் வந்த அரிசியைத் தின்றவர்கள்தான் எல்லாரும். செய்தது சரி என்று ஒருவரும் சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. அதுதான் அவரை அரித்தது.

இப்படி இருக்கும்போது, 1979இல், பதினைந்து வருடத்துக்கும் மேலாக நடக்காமல் இருந்த பஞ்சாயத்துத் தேர்தல் அறிவிப்பு வந்தது. கருவேலம்பதி வார்டுக்குச் சின்னையனை நிறுத்துவது என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. சாவடி வேலையில் ஒரு டீ கூட யாரிடமும் வாங்கிக் குடித்ததில்லை. ஊரெல்லாம் எல்லை தாண்டி வந்த அரிசியில் பொங்கல் வைத்தபோது அவர் டிப்போக் கோதுமையும் சோளக்களியும் தின்றார். அவருடைய மனைவி மருதாத்தாளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

பெரியவர்கள் முடிவு செய்த மறுநாள், பழனாத்தாளும் வேட்புமனு கொடுத்தார். முன்மொழிந்தவர் மாந்தோப்புக்காரர் ஈஸ்வரமூர்த்தி. அவருக்குப் பெரியவர்களோடு ஒரு வாய்க்கால் தகராறு இருந்தது. மற்றபடி அரசியல் ஒன்றும் இல்லை. மனைவி எதற்கு நிற்கிறார் என்று காளிச்சாமியிடம் கேட்டார்கள். அவளையே கேளுங்கள் என்றார்.

மனுக்களைப் பரிசீலிக்கும் நாளில் சின்னையன் எழுந்து ஆட்சேபம் சொன்னார். ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை அடைந்தவர் பஞ்சாயத்தில் உட்காரக்கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. இவர் தண்டனை அடைந்தவர். ஆகவே மனுவைத் தள்ள வேண்டும். தேர்தல் அதிகாரி ஒற்றப்பாலம் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகப் புரியும். பஞ்சாயத்து ஆபீசின் இரண்டு ஜன்னல்களிலும் கருவேலம்பதி மொத்தமும் முகத்தை வைத்துக்கொண்டிருந்தது.

ஈஸ்வரமூர்த்தி முந்தின நாளே பழனாத்தாளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். ஏழ்மையால் செய்துவிட்டேன், அறியாமையால் செய்துவிட்டேன் என்று இரண்டு வாக்கியம் போதும். அதிகாரி கேட்டபோது பழனாத்தாள், "ஏழ்மையின்னு சொல்லச் சொன்னாருங்க. நாலு ஏக்கரா இருக்குதுங்க எனக்கு" என்றார். ஈஸ்வரமூர்த்தி கூரையைப் பார்த்தார். பிறகு எதற்காகச் செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். அங்கே அரிசி இருந்தது, இங்கே இல்லை, நடுவில் நடப்பதற்கு எனக்குக் கால் இருந்தது என்பது பழனாத்தாளின் பதில். கொஞ்சம் லாபமும் இருந்தது என்று அவராகவே சேர்த்துக்கொண்டார்.

அரிசி கொண்டுவருவது சட்ட விரோதம்தான், ஆனால் ஒழுக்கக்கேடு ஆகுமா என்று அதிகாரி சின்னையனைக் கேட்டார். சின்னையன் அதற்குத் தயாராகவே வந்திருந்தார்.

"அரிசி கொண்டாந்தது வவுத்துக்குங்க. அதை நான் பேசலை. மஞ்சளையும் தேங்காயையும் மேல வெச்சு, இல்லாத கல்யாணத்தைச் சொல்லி ஏமாத்துனாங்களே, அதைத்தான் பேசறேன். அப்படிப் பொய் சொன்னவங்க கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அந்தக் கையெழுத்தை எவன் நம்புவானுங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது; பழனாத்தாளுக்கே அது தெரிந்தது. பொய்தான் என்று ஒப்புக்கொண்டார். அதற்குத்தான் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன், இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று சொன்னால் அதையும் இருந்துவிட்டு வந்து நிற்கிறேன் என்றார்.

அதிகாரி தீர்ப்பு நகலைப் புரட்டிக்கொண்டிருந்தார். எதையோ இரண்டு தடவை படித்தார். பிறகு சின்னையனைப் பார்த்து, சாதாரணமாகத்தான் கேட்டார். ஒரு பெண்பிள்ளை. எட்டுக் கூடை. தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்றாலும் இரண்டு. மற்ற ஆறு கூடைகள் எப்படி நடந்து வந்தன?

எட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. கோர்ட்டிலும் கேட்கவில்லை, குற்றவாளியே ஒப்புக்கொண்டதால் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சின்னையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும்.

"எட்டுப் பேரு வந்தாங்க" என்றார். "ஏழு பேரு ஓடிட்டாங்க. நான் மேக்க பாத்துட்டு நின்னனுங்க."

பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டுவிட்டீர்களா என்று அதிகாரி கேட்டார். பார்த்துத்தான் விட்டேன் என்றார் சின்னையன். ஏழு பேரும் யார் யார் என்று தெரியும், பெயரைச் சொல்லமாட்டேன். இரண்டு பேர் கைக்குழந்தைக்காரிகள். ஒருத்தி கல்யாணமாகி வந்து ஆறு மாதம்கூட ஆகாதவள். ஜெயிலுக்குப் போய்வந்தால் புகுந்த வீட்டில் சேர்ப்பார்களா என்று தோன்றியது. இவள் எட்டும் என்னுடையது என்று சொன்னாள். நான் அப்படியே எழுதிக்கொண்டேன்.

பழனாத்தாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எட்டு வருடமாக, அன்றைக்கு வாட்சரை ஏமாற்றியது தன் வாய்ச் சாமர்த்தியம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்க பாத்தீங்களாண்ணா?"

"ஏழு சேலை கள்ளியில மாட்டிக் கிழியற சத்தம் எனக்குக் கேக்காதா, அம்மிணி?"

ஜன்னல்களில் ஒன்றில் சாந்தம்மாளும் நின்றிருந்தார். அவர் முகத்தை அப்போது பார்த்தவர்கள், சோளம் ஒரே நிமிடத்தில் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது என்று பிறகு கேலி செய்தார்கள்.

அதிகாரி அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தண்டனை சிறியது, முடிந்து பல வருடம் ஆகிவிட்டது, இவரை விலக்கி நிறுத்த இந்தக் காரணம் போதாது என்று சொல்லி மனுவை ஏற்றுக்கொண்டார். சின்னையன் அப்போதும் உட்காரவில்லை. தன்னுடைய மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். சட்டத்தை மீறியவர்கள் நிற்கக்கூடாது என்று சொன்னவன் நான், நானும் மீறியிருக்கிறேன், ஆகவே நிற்க எனக்கு யோக்கியதை இல்லை. அதிகாரி, வாபஸ் வாங்க வேறொரு நாள் இருக்கிறது, அதற்கு நிரப்பிக் கொடுக்க ஒரு பாரமும் இருக்கிறது, வியாழக்கிழமை மூன்று மணிக்குள் வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

ஈஸ்வரமூர்த்திக்கு ஒரே கொண்டாட்டம். எதிரில் ஆளே இல்லாமல் ஜெயித்தாகிவிட்டது என்று தோப்பில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். பழனாத்தாள் அந்த டீயைக் குடிக்கவில்லை. புதன்கிழமை காலையில் நேராகச் சின்னையன் வீட்டுக்குப் போனார்.

கடலை பிடுங்கிப் போட்டிருந்த சமயம். களத்தில் செடிக் குவியலுக்கு நடுவே சின்னையனும் மருதாத்தாளும் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பழனாத்தாள் யாரும் சொல்லாமலே ஒரு பிடிச் செடியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தானும் ஆய ஆரம்பித்தார்.

"நாளைக்குப் பாரத்தை எழுதிக் குடுக்கப் போறீங்களாமா?"

"ஆமா."

"குடுக்க வேண்டாமுங்க."

சின்னையன் நிமிர்ந்து பார்த்தார். மெம்பர் ஆக வேண்டும் என்றுதானே நின்றாய், நான் ஒதுங்கினால் சும்மாவே ஆகிவிடுவாய் என்றார்.

"அந்தச் சும்மாதான் எனக்கு வேண்டாமுங்கறேன்" என்றார் பழனாத்தாள். "கோர்ட்டு ஒருக்காச் சொல்லிருச்சு. ஆபீசரு ஒருக்காச் சொல்லிட்டாரு. ஊரு இன்னும் சொல்லலை. எட்டு வருசமா என்னை உக்கார வெச்சு உக்கார வெச்சு அனுப்பறாங்க. நான் ஆகுமா ஆகாதான்னு பொட்டியிலயாச்சும் போட்டுச் சொல்லட்டும். எதுத்து நீங்க நின்னாத்தானுங்க அவங்க சொல்லியாகோணும்."

"நானே குத்தவாளியாகிட்டேன். எந்த மூஞ்சியை வெச்சுட்டு நிக்கறது?"

"அப்பச் சரியாப் போச்சு. இத்தனை நாளு நீங்க ஒசரத்துல நின்னீங்க, நான் கீழ நின்னேன். இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே மேடு."

மருதாத்தாள் கையிலிருந்த செடியை உதறிவிட்டு, இந்த மனுசன் ஓய்வு பெற்று வந்த இரண்டு வருடத்தில் அடுக்களையில் உப்பு டப்பா எங்கே இருக்க வேண்டும் என்பதற்குக்கூடச் சட்டம் போட்டுவிட்டார், எங்கேயாவது வெளியில் போய் உட்கார்ந்தால் தனக்குப் பெரிய உபகாரம் என்றார். வியாழக்கிழமை மூன்று மணி வந்தது, போனது. சின்னையன் ஆபீஸ் பக்கம் போகவில்லை.

பழனாத்தாள் ஓட்டுக் கேட்ட விதம் ஈஸ்வரமூர்த்தியைப் பாதியாக இளைக்கவைத்தது. வாசலில் நின்று, நான் ஜெயிலுக்குப் போய் வந்தவள், அது உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்க வேண்டாம், யோசித்துப் போடுங்கள் என்பார். தின்ற அரிசியை யாருக்கும் ஞாபகப்படுத்தமாட்டார். ஞாபகப்படுத்தினால் அது ஓட்டு ஆகாது, கடனைத் திருப்பி வாங்குவது ஆகும் என்று ஈஸ்வரமூர்த்தியிடம் சொன்னாராம். சின்னையனோ ஓட்டே கேட்கவில்லை. அன்றைக்குத் தப்பி ஓடிய ஏழு பெண்களும் அவர் வீட்டுக்கு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒருத்தி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். தேர்தல் சமயத்தில் எதுவும் வாங்கக்கூடாது என்று பழத்தோடேயே அவளைத் திருப்பி அனுப்பினார்.

ஓட்டுப் பதிவு பள்ளிக்கூடத்தில். எண்ணி முடித்தபோது, சின்னையன் பத்தொன்பது ஓட்டில் ஜெயித்திருந்தார். எந்தச் சின்னத்திலும் முத்திரை குத்தாமல் மடித்துப் போட்ட வெற்றுச் சீட்டு ஒன்று இருந்தது. செல்லாதது அது மட்டும்தான். எந்தப் புத்திசாலி போட்டது என்று எல்லாரும் சிரித்தார்கள்.

பழனாத்தாள் அழுவார் என்று எதிர்பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் அருகிலேயே நின்றார்கள். அவர் அழவில்லை, தோற்றது பத்தொன்பதில்தானா என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். வார்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள், எல்லாம் தெரிந்தே, தன் பெயருக்கு நேராகக் குத்தியிருக்கிறார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் சாந்தம்மாள் வந்து முன்னால் நின்றார்.

"அக்கா, உங்ககிட்ட மறைச்சு என்னாகப் போகுது. நான் அவருக்குத்தான் போட்டேன். எங்க ஊட்டுல நாலு ஓட்டும் அவருக்குத்தான்."

ஏன் என்று பழனாத்தாள் கேட்டார். கோபத்தில் இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"நீங்க எங்க பாரத்தையெல்லாம் உங்க தலையில ஏத்திக்கிட்டீங்க, இல்லைங்கலை. ஆனா எங்களைக் கூட்டிட்டுப் போனது நீங்க. ஊட்டுக்கு அனுப்பிச்சது அவரு."

பழனாத்தாள் தலையை ஆட்டினார். மற்ற ஆறு வீடுகளும் என்று கேட்டார். ஆறும் அப்படித்தான் என்றார் சாந்தம்மாள். ஏழு வீட்டு ஓட்டைச் சேர்த்துப் பார்த்தால் பத்தொன்பதுக்கு மேலேயே வந்தது. முகத்துக்கு நேராக ஊர் அவரிடம் சொன்ன முதல் பதில் அது. அதற்காகச் சாந்தம்மாளின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வேப்பமரத்தடியில் மாலையை எங்கே கழற்றி வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்த சின்னையனிடம் போனார்.

"ஏனுங்ணா, கணக்குப் பாத்தீங்களா? எனக்குப் போட்டவங்க நான் அரிசி கொண்டாந்ததுக்குப் போட்டாங்க. உங்களுக்குப் போட்டவங்க, கொண்டாந்தவளுகளை நீங்க உட்டதுக்குப் போட்டாங்க. குத்தமே பண்ணாதவனுக்குன்னு இந்த வார்டுல ஒரு ஓட்டு உழுகலை."

"ஒண்ணு உழுந்துது" என்றார் சின்னையன். "அந்த வெத்துச் சீட்டு என்னுது, அம்மிணி."

பழனாத்தாள் தலையில் அடித்துக்கொண்டார்.

"போங்ணா, ஒரு ஓட்டைப் பாழாக்கிட்டீங்க. எனக்காச்சும் போட்டிருக்கலாமுல்ல?"